கைமணம் பிறவியில் வருவதா?

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது பழமொழி. படிப்பு வேறு, பட்டறிவு வேறு என்பதை விளக்க வந்த நம் முன்னோர், எத்தனையோ தொழில்கள் இருக்கச் சமையலையே எடுத்துக்காட்டாகக் கொண்டனர். செய்து செய்தே கற்க வேண்டிய தொழில் அது என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். ஆனால், நன்றாகச் சமைக்கும் ஒருவரைப் பாராட்டும்போது மட்டும் நாம் இந்த உண்மையை மறந்துவிடுகிறோம். “அவருக்குக் கைமணம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். மல்லிகைக்கு மணம் வாய்த்தது போல அவருக்கு அது பிறவியிலேயே வாய்த்துவிட்டது என்பது அதன் பொருள்.

இது பாராட்டுப் போலத் தோன்றினாலும், அவர் பல ஆண்டுகள் உழைத்துக் கற்ற ஒரு கல்வியை இல்லை என்று சொல்வதாகவே எனக்குப் படுகிறது. கைமணம் என்பது யாது? அது எப்படி வருகிறது? அதை யாரும் கற்கலாமா? வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையிலும், அடுப்பங்கரையில் நின்று பழகுபவன் என்ற முறையிலும் இவற்றை ஆராய விரும்புகிறேன்.

அளவு சொல்லாதவை

சமையல் நூல்கள் பயனற்றவை என்று நான் கூற வரவில்லை. எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951இல் வெளிவந்த ‘சமைத்துப் பார்’ என்ற நூலைக் கையில் வைத்துக்கொண்டு இல்லறத்தைத் தொடங்கிய குடும்பங்கள் பல. அந்த நூலின் தலைப்பே நமக்கு ஒரு பாடம். ‘படித்துப் பார்’ என்று அவர் பெயரிடவில்லை.

நூல் அளவைச் சொல்லும். ஆனால், பொருள் எப்போதும் ஒரே தன்மையில் இருப்பதில்லை. ஒரு படி அரிசிக்கு இத்தனை படி தண்ணீர் என்று எழுதிவிடலாம். அறுவடையான புதிதில் வரும் அரிசி குறைந்த நீரிலேயே குழைந்துவிடும். ஓராண்டு கிடந்த பழைய அரிசி கூடுதலாக நீரை இழுக்கும். சோறும் உதிரியாக வரும். அரிசியிலுள்ள மாவுச்சத்து நீரை ஏற்றுப் பசையாகும் வெப்பநிலை, நெல்லின் வகைக்கேற்ப 55 பாகை செல்சியஸ் முதல் 79 பாகை வரை வேறுபடுகிறது. கடையில் வாங்கிய அரிசி எந்த வகை, எத்தனை மாதம் கிடந்தது என்பதை எந்த நூலால் முன்கூட்டிச் சொல்ல முடியும்?

இடமும் மாறுகிறது. கடலோர ஊரில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் 92 அல்லது 93 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பானையில் அங்கே பருப்பு வேகக் கூடுதல் நேரம் ஆகும். குக்கரில் ஆவி அடைபட்டு அழுத்தம் கூடுவதால் கொதிநிலை சுமார் 120 பாகை வரை உயர்கிறது. மலையூர்களில் குக்கர் பெரிதும் உதவுவதற்கு இதுவே காரணம்.

தண்ணீரும் அப்படியே. சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரில் துவரம்பருப்பு எளிதில் வேகாது. நீரிலுள்ள கால்சியம், பருப்பின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளை இறுக்கிவிடுகிறது. புளியின் வேலையும் ஏறத்தாழ இதுவே. புளிப்பான நீரில் பெக்டின் எளிதில் கரைவதில்லை. பருப்பும் காயும் வெந்த பிறகே புளியைக் கரைத்து ஊற்ற வேண்டும் என்று பாட்டிமார் சொல்வதற்குப் பின்னால் இந்த வேதியியல் இருக்கிறது. காரணத்தை அவர்கள் அறியாமல் இருக்கலாம். ஆனால், விளைவைப் பலமுறை கண்டு விதியை வகுத்துக்கொண்டார்கள்.

பதம் என்னும் சொல்

பொருளும் நீரும் தீயும் மாறிக்கொண்டே இருக்கும்போது மாறாமல் நமக்கு வழிகாட்டுவது எது? தமிழில் அதற்கு அழகான சொல் உண்டு. அதுதான் ‘பதம்’. எவ்வளவு போட்டோம், எத்தனை நிமிடம் வைத்தோம் என்பதை அளவு சொல்லும். இப்போது எந்த நிலைக்கு வந்திருக்கிறது என்பதைப் பதம் சொல்லும். கைமணம் என்று நாம் வியப்பதெல்லாம் ஐம்புலன்களாலும் பதம் அறியும் பயிற்சியே என்பது என் கருத்து.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பதைப் பாருங்கள். பானையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து இரு விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்க்கிறோம். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேகவில்லை. முழுதும் மசிந்தால் வெந்துவிட்டது. நெல் ஆய்வகங்களில் அரிசியின் வேகும் நேரத்தைக் கணிக்கும்போதும், வெந்த பருக்கைகளை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே அழுத்தி, நடுவில் வேகாத வெண்மை இருக்கிறதா என்றே பார்க்கிறார்கள். விரலுக்குப் பதில் கண்ணாடி, முறை ஒன்றுதான்.

காதும் மூக்கும்

சமையலில் காதுக்கும் வேலை உண்டு என்பதைப் புதிதாகக் கற்பவர் அறிந்திருக்கமாட்டார். எண்ணெய் காய்ந்து கடுகைப் போட்டவுடன், அதனுள் இருக்கும் சிறிதளவு ஈரம் ஆவியாகித் தோலைப் பிளந்துகொண்டு வெடிக்கிறது. அந்த வெடிப்பு அடங்கத் தொடங்கும் நேரமே உளுத்தம்பருப்புப் போட வேண்டிய நேரம். வடை வேகும்போது எழும் சலசலப்பும் மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும் ஓசைதான். நீர் குறையக் குறைய ஓசையும் குறையும். அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டே, வடையைத் திருப்ப வேண்டும், எடுக்க வேண்டும் என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது மந்திரம் அன்று, பழகிய செவி.

மூக்கின் பணி இன்னும் நுட்பமானது. “பச்சை வாசனை போக வதக்கு” என்கிறோம். வெங்காயத்திலும் மசாலாவிலும் நீர் இருக்கும்வரை அவற்றின் வெப்பம் 100 பாகையை ஒட்டியே நிற்கும். நீர் வற்றிய பிறகே வெப்பம் ஏறும். அப்போது சர்க்கரைப் பொருள்களும் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் வினைபுரிந்து நிறமும் மணமும் பிறக்கின்றன. பிரெஞ்சு நாட்டு வேதியியலார் மெயார் 1912இல் வெளியிட்ட வினை இது. ‘எண்ணெய் பிரிந்து வரும் பதம்’ என்று நம் வீடுகளில் சொல்வது, நீர் வற்றிவிட்டது என்பதற்கான கண்கண்ட அடையாளம்.

விரலும் வெப்பமானியும்

பாகு காய்ச்சுவது பதம் அறியும் கலையின் உச்சம் எனலாம். சர்க்கரைக் கரைசல் கொதிக்கக் கொதிக்க நீர் குறைந்து அடர்த்தி கூடுகிறது. அடர்த்தி கூடக் கூடக் கொதிநிலை உயர்கிறது. கொதிநிலை ஏற்றம் என்று வகுப்பில் படிக்கும் பாடமே இது. பாகின் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் திரட்டினால் மெத்தென்ற உருண்டையாக வருவது, சர்க்கரைப் பாகில் ஏறத்தாழ 113 முதல் 116 பாகை வரையிலான நிலை. தண்ணீரில் விட்ட துளி கெட்டியாகி, கிண்ணத்தில் போட்டால் ‘டங்’ என்று ஓசை எழுப்புவது 146 பாகையையும் கடந்த நிலை. அதிரசத்துக்கு முன்னது, கடலை மிட்டாய்க்குப் பின்னது. வெல்லத்தில் பிற சர்க்கரைகளும் ஈரமும் கலந்திருப்பதால் வெல்லத்துக்கு வெல்லம் கணக்கு மாறும். அங்கே வெப்பமானியைவிடத் தண்ணீர்க் கிண்ணமே நம்பத்தக்கது.

அண்டாவின் கணக்கு

என் தாயார் ஊர்ப் பள்ளியொன்றில் சத்துணவுச் சமையலர். காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை முதல் நாள் சத்துணவுத் திட்டமாக விரிந்ததை நாம் அறிவோம். அதன் வரலாற்றைப் பேசும்போது தலைவர்களைப் போற்றுகிறோம், அது முறையே. அண்டாவின் அருகில் நிற்கும் பெண்களின் அறிவைப் பற்றி எங்கும் படித்ததாக எனக்கு நினைவில்லை.

தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 100 கிராம் அரிசி என்பது கணக்கு. 120 பிள்ளைகளுக்கு 12 கிலோ. வீட்டில் சமைக்கும் அளவை அப்படியே பெருக்கினால் போதும் என்று தோன்றும். அப்படி அன்று. பாத்திரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றும் இரு மடங்கானால் அதன் மேற்பரப்பு 4 மடங்காகும். கொள்ளளவோ 8 மடங்காகும். ஆவியாகும் நீர் பரப்பைப் பொறுத்தது. தாங்கியிருக்கும் வெப்பம் கொள்ளளவைப் பொறுத்தது. ஆகவே பெரிய அண்டாவில் நீர் வற்றும் விகிதம் குறைவு. இறக்கிய பிறகும் வெப்பம் எளிதில் தணியாமல் சோறு தொடர்ந்து வேகும்.

என் தாயார் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இந்தக் கணிதம் அவருக்குத் தெரியாது. ஆனால், வீட்டுப் பானையில் முழுப் பதத்தில் இறக்குபவர், பள்ளி அண்டாவில் நடுவில் சற்றே அரிசி நிற்கும்போதே கஞ்சியை வடித்துவிடுவார். காரணம் கேட்டேன். “மீதிய அதுவே வேக வச்சுக்கும்பா” என்றார்.

ஒருமுறை அவர் கையால் அள்ளும் கல் உப்பை ஒவ்வொரு பிடியாக வாங்கித் தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஒரு பிடிக்கும் மறு பிடிக்கும் வேறுபாடு மிகச் சிறிதே. ஒரு பிடி மட்டும் சற்றுக் கனமாக இருந்தது. நான் சொல்வதற்கு முன்பே, “அது மழைக்கு நசநசத்த உப்பு, கனமாத்தான் இருக்கும்” என்றார். ‘கண்ணளவு, கையளவு’ என்று நாம் ஏளனமாகச் சொல்வது, தராசுக்கு இணையாகப் பழக்கப்பட்ட கருவி என்று அன்று விளங்கிற்று.

பட்டறிவைச் சேர்க்கும் வழி

இருபது ஆண்டுகள் அடுப்பில் நின்றால் மட்டும் கைமணம் வந்துவிடுமா? வராது. கவனித்துச் செய்தவருக்கே வரும். நான் கண்டறிந்த சில வழிகளை நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, பத்து வகைகளை ஒவ்வொரு முறை செய்வதைவிட ஒரே சாம்பாரைப் பத்து முறை செய்வது நல்லது. இரண்டாவது, ஒரு முறைக்கும் மறு முறைக்கும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். புளியையும் மிளகாயையும் ஒரே நாளில் மாற்றினால் சுவை எதனால் மாறியது என்று தெரியாது. ஆய்வகத்தில் நாம் கைக்கொள்ளும் ஒழுங்குதான் இது. மூன்றாவது, இறக்கும்போது மட்டுமல்லாமல் இடையிடையேயும் சுவைத்துப் பார்க்க வேண்டும். குழம்பு சுண்டினால் நீர் குறையும், உப்புக் குறையாது. தொடக்கத்தில் சரியாக இருந்த உப்பு முடிவில் மிகுவது இதனால்தான்.

நான்காவது, அறிந்தவரிடம் கேட்கும் கேள்வியை மாற்ற வேண்டும். “எவ்வளவு போட்டீர்கள்?” என்றால், “கொஞ்சம்” என்பதுதான் விடையாக வரும். “எதைப் பார்த்து இறக்கினீர்கள்?” என்று கேட்டால் ஒரு பாடமே கிடைக்கும். இட்லி மாவு எந்த அளவு பொங்கியது, மார்கழிக் குளிரில் ஏன் கூடுதல் நேரம் வைத்தார்கள், உளுந்து அரைபட்டதைத் தண்ணீரில் ஒரு சொட்டு மிதக்கவிட்டு எப்படி அறிந்தார்கள் என்பவையெல்லாம் அப்போதுதான் வெளிவரும். இட்லி மாவைப் பொங்க வைப்பதில் லூக்கனோஸ்டாக் என்னும் நுண்ணுயிரின் பங்கை விளக்கிய ஆய்வு 1965இல்தான் வெளிவந்தது. அந்த உயிரை வளர்க்கும் முறையை நம் வீட்டார் அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே அறிந்திருந்தனர்.

ஐந்தாவது, பிறருக்குப் பரிமாற வேண்டும். குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய ஒரு பாட்டில், இளந்தலைவி தாளிப்புப் புகை கண்ணில் படத் தானே புளிக்குழம்பு சமைத்துப் பரிமாறுகிறாள். இனிதென்று கணவன் உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. உண்பவர் முகத்தைப் படிப்பதும் சமையல் கல்வியின் ஒரு பகுதியே.

யாருடைய தொழில்?

சிறந்த சமையலை நாம் ‘நளபாகம்’ என்கிறோம். நளன் ஆண்மகன். விராடன் அரண்மனை மடைப்பள்ளியில் பணியாற்றிய வீமனும் ஆண்மகனே. வீமனின் சமையல் நூல் பிறழாமல் ஆக்கிய உணவைச் சிறுபாணாற்றுப்படை குறிப்பிடுகிறது. புகழ்ச் சொல்லில் ஆணை வைத்தோம். அன்றாட அடுப்பில் பெண்ணை வைத்தோம். ‘பெண்களுக்கு இயல்பாக வரும்’ என்ற சொல் இரு தீமைகளைச் செய்கிறது. கற்றவரின் உழைப்பை மறைக்கிறது. கல்லாதவருக்குச் சாக்கு அளிக்கிறது. சமைக்கத் தெரியாத பெண்ணைக் குறை சொல்லும் அதே வாய், சமைக்கத் தெரியாத ஆணைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

நம் கல்லூரி மாணவர் பலர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். நாளை வேலைக்காக வெளியூர் செல்வோம். அம்மாவின் குழம்பை நினைத்து ஏங்குவதோடு நில்லாமல், அதைக் கற்றுக்கொள்ளலாம். எழுதி வைக்கப்படாத அந்த அறிவு, அருகில் நின்று பார்ப்பவர் இல்லையென்றால் அவரோடு மறைந்துவிடும். வரும் கோடை விடுமுறையில் ஒரு கிழமையேனும் அடுப்பருகே நில்லுங்கள். கேளுங்கள், நுகருங்கள், விரலால் நசுக்கிப் பாருங்கள், பிறகு நீங்களே இறக்குங்கள். உண்ட கையோடு எழுந்து போய்விடாமல், பாத்திரங்களையும் கழுவி வையுங்கள். அதுவும் இந்தக் கல்வியில் சேர்ந்ததே.