மின்முனையில் ஒரு குமிழி

பூம்புகார்க் கடற்கரையில் நுரையைக் கண்டு மகிழாதார் இல்லை. ஆனால் அதிலுள்ள குமிழிகளை எண்ணுவோர் யார்? எண்ணியே தீரவேண்டிய இடமும் ஒன்று உண்டு. அதுவே மின்பகுப்புக் கலம்.

ஆய்வுக்கூடத்தில் அமிலம் கலந்த நீரை மின்பகுக்கையில், அம்மீட்டரின் முள் சிறிது நேரத்தில் மெல்ல இறங்கிற்று. மின்கலம் தளர்ந்தது என்றே நினைத்தேன். தற்செயலாகக் கண்ணாடிக் குழாயை விரலால் தட்ட, மின்முனையில் ஒட்டியிருந்த குமிழிகள் மேலே ஓடின, முள்ளும் ஏறிற்று! குற்றவாளி குமிழிதான்.

ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் சுமார் 418 கன செ.மீ. ஹைட்ரஜன் பிறக்கும் (0 டிகிரி, ஒரு வளிமண்டல அழுத்தம்). இது பாரடேயின் விதி. குமிழியின் பிறப்புதான் கடினம். உள்ளழுத்த மிகுதி பரப்பு இழுவிசையின் இரு மடங்கை ஆரத்தால் வகுத்த அளவு. நீரில் ஆரம் ஒரு மைக்ரான் எனில் இது ஏறத்தாழ 1.4 வளிமண்டலம். ஆகவே மழமழப்பான பரப்பில் குமிழி எளிதில் தோன்றாது. கீறல்களையும் குழிகளையும் தேடும். பிறந்தபின், கரைந்த வாயு விரவி வந்து சேர, ஆரம் காலத்தின் வர்க்கமூலத்திற்கேற்ப வளரும். விடுபட்டதும் ஸ்டோக்ஸ் விதிப்படி, 0.05 மி.மீ. ஆரமுள்ள குமிழி நொடிக்கு 5 மி.மீ. எழும். பெரிய குமிழிக்கு இவ்விதி பொருந்தாது.

ஒட்டிய குமிழி பரப்பில் பாதியை மூடினால், எஞ்சிய பாதியில் மின்னோட்ட அடர்த்தி இரட்டிக்கும். மிதக்கும் குமிழியோ கரைசலின் கடத்துதிறனைக் குறைக்கும். புருக்கெமன் (1935) வாய்பாட்டின்படி, கரைசலின் பங்கை 3/2 அடுக்கிற்கு உயர்த்தினால் எஞ்சும் கடத்துதிறன் கிடைக்கும். கன அளவில் ஐந்தில் ஒன்று குமிழி எனில், 72 விழுக்காடே மிஞ்சும். குமிழிகள் மேலே செல்லச் செல்லப் பெருகுவதால் மின்தடை அங்கு மிகுதி. மின்னோட்டம் கீழ்ப்பகுதியையே நாடும். இதை 1959-இல் சமன்பாடாக்கியவர் டோபயாஸ்.

இது வெறும் ஏட்டுக் கணக்கா? 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின், உப்புக் கரைசலை மின்பகுத்து எரிசோடா எடுக்கும் தொழில் அங்கு வேரூன்றியது. ஒரு டன் எரிசோடாவுக்குச் சுமார் 6,70,000 ஆம்பியர்-மணி வேண்டும். குமிழியால் 0.1 வோல்ட் கூடினாலும் டன்னுக்கு 67 யூனிட் வீண்! அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் நமக்குத் தொலைவில் இல்லை; வகைக்கெழுச் சமன்பாடு எதற்கு என்று கேட்கும் கணித மாணவ நண்பர்கள் அத்துறையை எட்டிப்பார்க்கலாம்.

தட்டுமுன்னும் தட்டியபின்னும் உள்ள அளவீடுகளைக் கொண்டு, மூடப்பட்ட பரப்பைக் கணிக்க முயன்றேன். இயலவில்லை. ஒட்டிய குமிழியால் எவ்வளவு, மிதக்கும் குமிழியால் எவ்வளவு என்று முள் பிரித்துச் சொல்வதில்லை.