அதிகாரத்தை அருகிலிருந்து பார்த்தவர்

1964 மே 27 அன்று நேரு மறைந்தார். அடுத்த பிரதமர் யார் என்று டெல்லி பரபரத்துக்கொண்டிருந்தபோது, யு.என்.ஐ. செய்தி நிறுவனத்திலிருந்து குல்தீப் நய்யார் ஒரு செய்தியை அனுப்பினார். மொரார்ஜி தேசாய் களத்தில் இறங்கிவிட்டார், லால் பகதூர் சாஸ்திரி தயங்குகிறார் என்பதே அதன் சாரம். சிதையின் சூடு ஆறுவதற்குள் நாற்காலிக்கு இவ்வளவு அவசரமா என்று காங்கிரஸ்காரர்கள் பலர் மொரார்ஜி மீது முகம் சுளித்தார்கள். சாஸ்திரி பிரதமரானார். கட்சித் தலைவராக இருந்த காமராஜர் தன்னிடம் மெல்ல நன்றி சொன்னதாக நய்யார் பின்னாளில் எழுதினார்.

அந்த நன்றி எனக்கு உறுத்துகிறது. சாஸ்திரி உள்துறை அமைச்சராக இருந்தபோது அவருடைய பத்திரிகைத் தொடர்பு அதிகாரியாக இருந்தவர் நய்யார். யாருக்கும் உதவ அதை எழுதவில்லை என்றார்; நம்புகிறேன். ஆனாலும் அந்தப் பழைய உறவு, செய்தியைப் படித்தவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

1923இல் சியால்கோட்டில் பிறந்து, பிரிவினையில் ஊரை இழந்து, டெல்லியில் உருது பத்திரிகையில் தொழிலைத் தொடங்கியவர் அவர். அமைச்சர்களின் வீட்டுக் கதவுகள் அவருக்குத் திறந்தே இருந்தன. 1975இல் நெருக்கடி நிலை வந்ததும் அந்த நெருக்கத்தை அவர் பொருட்படுத்தவில்லை. தணிக்கையைக் கண்டித்துப் பத்திரிகையாளர்களைத் திரட்டினார். ஜூலையில், விசாரணையின்றிச் சிறைவைக்க வழிசெய்த மிசா சட்டத்தின்கீழ் கைதாகி, திகார் சிறைக்குப் போனார்.

மனைவி பாரதி ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். தீர்ப்பு வருவதற்கு முன்பே அரசு நய்யாரை விடுவித்தது. வழக்கு அத்துடன் முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள். டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதிகள் ரங்கராஜனும் அகர்வாலும் விடவில்லை. கைது செல்லாது என்று தீர்ப்பெழுதினார்கள். ரங்கராஜன் குவாஹாட்டிக்கு மாற்றப்பட்டார். அகர்வால் மீண்டும் செஷன்ஸ் நீதிபதியாக இறக்கப்பட்டார். ஒரு நிருபருக்காக இரண்டு நீதிபதிகள் கொடுத்த விலை இது. நய்யாரின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் இவர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிறை அவருடைய மூக்கை மழுங்கடிக்கவில்லை. 1977 ஜனவரியில், தணிக்கை நீடித்த நேரத்திலேயே, தேர்தல் வரப்போகிறது என்று ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழில் முந்திக்கொண்டு எழுதினார். செய்தி பொய்யானால் மறுபடி திகார்தான். ஜனவரி 18 அன்று வானொலியில் இந்திரா காந்தியே தேர்தலை அறிவித்தார்.