வீட்டில் ஒரு ஃபைட்டர் மீன்: உணவும் நீரும் நலமும்

நீண்டநாள் நோயோடு வாழும் குழந்தைகளுக்கு வீட்டில் ஒரு சிற்றுயிரை வளர்க்கக் கொடுக்கலாமா என்று பெற்றோர் பலர் கேட்பதுண்டு. நாய், பூனை வளர்க்க இடமும் நேரமும் இல்லாத வீடுகளில், குறிப்பாகப் பெற்றோர் இருவரும் பனியன் நிறுவனங்களில் ஷிப்ட் முறையில் பணிபுரியும் வீடுகளில், பெரும்பாலும் மீன்தொட்டியே தேர்வாகிறது. அவற்றுள்ளும் எளிதில் கிடைப்பது, கடைகளில் ‘ஃபைட்டர்’ என்று விற்கப்படும் பெட்டா மீன். அதனை முறையாக வளர்ப்பது எவ்வாறு, அதனால் வீட்டிலுள்ள நோயாளிக்கு விளையும் நன்மை யாது, எவற்றில் எச்சரிக்கை வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

மீனும் சர்க்கரை அளவும்

அமெரிக்காவின் டல்லாஸ் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக சவுத்வெஸ்டர்ன் மருத்துவ மையத்தினர் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முதல் வகை நீரிழிவுடைய, 10 முதல் 17 வயது வரையிலான 28 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் வீட்டில் ஒரு மீனை வளர்த்தனர். காலையும் மாலையும் மீனுக்கு உணவிடும்போதே தம் இரத்தச் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை தொட்டி நீரின் ஒரு பகுதியை மாற்றும்போது, சர்க்கரைக் குறிப்பேட்டைப் பெற்றோருடன் அமர்ந்து பார்க்க வேண்டும். மற்றப் பிரிவினர் வழக்கமான மருத்துவத்தை மட்டும் தொடர்ந்தனர். மூன்று மாத முடிவில், மீன் வளர்த்தோரின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (ஹெச்பிஏ1சி) 0.5 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது, மற்றவர்களுக்கு 0.8 புள்ளி கூடியிருந்தது.

மீனிடம் மருந்து எதுவும் இல்லை. தன்னை நம்பியிருக்கும் ஓர் உயிருக்கு வேளை தவறாமல் உணவிடும் பொறுப்பு, தன் உடலைப் பேணும் பொறுப்பையும் உடன் நினைவூட்டியது, அவ்வளவே. ஆய்வு சிறியது. ஆகவே, மீன் இன்சுலினுக்கோ மருத்துவர் அறிவுரைக்கோ மாற்றாகாது. எனினும், ‘சர்க்கரை பார்த்தாயா?’ என்று நாள்தோறும் கண்டிக்கும் நிலையை விட, ‘மீனுக்கு உணவிடும் நேரமாயிற்று’ என்னும் நினைவூட்டல் பிள்ளைகளுக்கு இனிதாக இருக்கும்.

இம்மீனின் இயல்பு

பெட்டா மீனின் தாயகம் தாய்லாந்து. அந்நாடு 2019-இல் இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நெல்வயல்களிலும் ஆழமற்ற நீர்நிலைகளிலும் வாழ்வது ஆதலால், செவுள்களோடு காற்றை நேரடியாக உட்கொள்ளும் தனி உறுப்பும் இதற்கு உண்டு. நம் குளங்களில் வாழும் பனையேறி மீனுக்கும் அவ்வுறுப்பு உண்டு. இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. காற்றை உண்டு வாழ வல்லது என்பதனாலேயே இம்மீனைக் கைப்பிடி அளவுச் சீசாக்களில் அடைத்து விற்கின்றனர். ஆனால், உயிர் பிழைத்திருப்பது வேறு. நலமாக வாழ்வது வேறு. 10 முதல் 20 லிட்டர் நீர் கொள்ளும், மூடியுள்ள தொட்டியே ஏற்றது. ஆண் மீன்கள் இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும். தனியே வளர்த்தல் வேண்டும். நன்கு பேணினால் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வரை வாழும்.

உணவு: சிறிது, வேளைக்கு, அளவோடு

வீட்டில் வளரும் பெட்டா மீன்கள் பசியால் இறப்பது அரிது. மிகுந்த உணவால் இறப்பதே பெரிது. இதன் இரைப்பை ஏறத்தாழ அதன் கண்ணளவே. காலை இரண்டு அல்லது மூன்று, மாலை இரண்டு அல்லது மூன்று என, பெட்டா மீனுக்கென்றே விற்கப்படும் சிறு உருண்டைத் தீவனம் போதுமானது. ஒவ்வொன்றாக இட்டு, அது விழுங்கிய பின் அடுத்ததை இடுக. இரண்டு நிமிடத்தில் உண்ணாமல் எஞ்சியதை வலையால் எடுத்துவிட வேண்டும். வாரத்தில் ஒருநாள் உணவின்றி விடுவது செரிமானத்துக்கு நல்லது.

இது பூச்சி, புழுக்களை உண்ணும் இனம். சோறு, ரொட்டி, பிஸ்கட் தூள் ஆகியவை இதற்கு உணவல்ல. அவை நீரைக் கெடுக்கும். வாரம் ஓரிருமுறை உலர்ந்த அல்லது உறையவைத்த இரத்தப்புழு சில தரலாம். சாக்கடைகளில் பிடிக்கப்படும் உயிர்ப்புழுக்களைத் தவிர்த்தல் நன்று. நோய்க்கிருமிகள் அவற்றுடன் வந்து சேரும். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே உணவிடுவதால் அளவு மிகுந்துவிடுவதுண்டு. ஆகவே உணவிடும் பொறுப்பை ஒருவரிடமே விடுக.

தீபாவளி, பொங்கல் விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்வோர், மூன்று நாள்களுக்குச் சேர்த்துத் தீவனத்தைக் கொட்டிவிட்டுச் செல்லலாகாது. நலமான வளர்ந்த மீன் மூன்று நாள் உணவின்றி இருக்கும். அழுகிய தீவனம் கலந்த நீரில் இருப்பது கடினம். அதற்கு மேற்பட்ட நாள்களாயின், ஒவ்வொரு நாளைக்கும் உரிய தீவனத்தைத் தனித்தனியே பொட்டலமிட்டு அண்டை வீட்டாரிடம் கொடுத்துச் செல்க.

நீர்: நம் ஊருக்கேற்ற கவனம்

உண்ணாத தீவனமும் கழிவும் நீரில் அம்மோனியாவாக மாறும். அது கண்ணுக்குத் தெரியாது. மீனின் செவுள்களை அரிக்கும். எனவே வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுக. முழு நீரையும் ஒரேயடியாக மாற்றினால், கழிவைச் சிதைக்கும் நன்மைதரும் நுண்ணுயிர்கள் குறைவதோடு, நீரின் தன்மை திடீரென மாறுவதால் மீனும் தளரும்.

திருப்பூரில் பல வீடுகளின் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்தது. நொய்யல் கரையோரப் பகுதிகளில் பல்லாண்டுகள் சாயக்கழிவு கலந்ததும் அதற்கு ஒரு காரணம். அந்த உப்புத் தண்ணீரைத் தவிர்த்து, குழாயில் வரும் நல்ல தண்ணீரையே பயன்படுத்துக. குழாய் நீரில் உள்ள குளோரின் மனிதர்க்குப் பாதுகாப்பு, மீனுக்கோ நஞ்சு. நீரை ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் அகலும். மீன் கடைகளில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தைக் கலப்பின் உடனே அகலும். ஆர்.ஓ. நீரில் தாதுக்கள் மிகக் குறைவு. அதனை மட்டும் தனியே பயன்படுத்தலாகாது.

இங்கு ஓர் எச்சரிக்கை. இவ்வாறு திறந்து வைக்கும் நீரே டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஏற்ற இடம். வாளியின் வாயை மெல்லிய பனியன் துணியால் கட்டி வையுங்கள். காற்றுப் புகும், கொசு புகாது. கொசுப்புழு இம்மீனுக்கு இயல்பான உணவே. எனினும் அதற்காக வீட்டில் நீரைத் தேக்கிக் கொசு வளர்த்தல் கூடாது.

நீரின் வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் நலம். சித்திரை, வைகாசியில் தொட்டியைத் தகரக் கூரையின் அடியிலோ வெயில்படும் சன்னலருகிலோ வைக்க வேண்டாம்.

நோயின் அறிகுறிகள்

உணவை மறுத்தல், துடுப்புகளை ஒடுக்கிக்கொள்ளல், அடியில் கிடத்தல், உப்புத்தூள் தூவியதுபோன்ற வெண்புள்ளிகள், துடுப்பு நைந்து கிழிதல், வயிறு வீங்கிச் செதில்கள் சிலிர்த்தல் ஆகியன நோயைக் காட்டுவன. முதற்கண் நீரை மாற்றி, ஓரிரு நாள் உணவை நிறுத்துங்கள். பல நேரங்களில் இதுவே போதும். வயிறு வீங்கிச் செதில் சிலிர்த்த மீன் தேறுவது அரிது. வீட்டில் எஞ்சிய மனிதருக்கான ஆன்டிபயாடிக் மாத்திரைகளைத் தொட்டியில் கரைக்கும் வழக்கம் அறவே கூடாது. அது மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும்.

நம் உடல்நலம் காக்க

மீன்தொட்டி நீரில் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ‘மைக்கோபாக்டீரியம் மரைனம்’ என்னும் நுண்ணுயிர் இருக்கக்கூடும். கையிலுள்ள வெட்டுக்காயம், ஊசி குத்திய காயம் வழியே அது தோலுக்குள் புகும். சில வாரங்களுக்குப் பின் விரலிலோ கையிலோ ஆறாத சிறு கட்டிகள் தோன்றும். தையல், கட்டிங் பணியில் கையில் அடிக்கடி காயம் படுவோரும் நீரிழிவுடையோரும் கையுறை அணிந்தே தொட்டியைத் தொடுக. புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர் ஆகியோர் மீனைக் கண்டு மகிழலாம். தொட்டியைத் தூய்மை செய்யும் பணியைப் பிறரிடம் விட வேண்டும். ஆறாத கட்டிக்கு மருத்துவரிடம் வரும்போது, வீட்டில் மீன் வளர்ப்பதை மறவாமல் கூறுங்கள். அச்செய்தி தெரியாவிடில் நோயைக் கண்டறிவது தாமதப்படும்.

உணவிட்ட பின்னும் நீர் மாற்றிய பின்னும் சோப்பினால் கை கழுவுக. சர்க்கரை பார்க்கும் பிள்ளைகள் முதலில் கை கழுவித் தம் சர்க்கரையைப் பார்த்துக் குறித்த பின்னரே மீனுக்கு உணவிடுதல் நன்று. தொட்டி, வலை ஆகியவற்றைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். கழிவு நீரைச் செடிகளுக்கு ஊற்றலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பெரியோர் துணையின்றித் தொட்டியில் கை வைக்கலாகாது.

வளர்க்க இயலாத நிலை வந்தால், மீனை நொய்யலிலோ நஞ்சராயன் குளத்திலோ விடாதீர்கள். அயல்நாட்டு மீன் இங்குள்ள உயிர்களுக்குக் கேடாகலாம். கடைக்காரரிடமோ வளர்க்க விரும்பும் மற்றொரு குடும்பத்தாரிடமோ ஒப்படையுங்கள்.

மீன் ஒருநாள் இறக்கவே செய்யும். நோயுற்ற குழந்தைக்கு அதனை மறைத்து, இரவோடிரவாக வேறொரு மீனை மாற்றி வைக்க வேண்டாம். உண்மையை எளிய சொற்களில் கூறி, ‘நீ அதனை நன்றாகப் பார்த்துக்கொண்டாய்’ என்று சொல்லுங்கள். அதன்பின் குழந்தை விரும்பினால், அடுத்த மீனை அதுவே தேர்ந்தெடுக்கட்டும்.