பிரண்டையும் ஆறுமணிக்குருவியும்

ஒரு கொடியையும் ஒரு பறவையையும் ஒப்பிடலாமா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் நம் தாம்பரம் வட்டாரத்து முட்புதர்களில் இவ்விரண்டும் அண்டை வீட்டார்.

பிரண்டையை அறியாதவர் யார்? பாட்டி புளி சேர்த்து அரைக்கும் துவையல் நாவில் நிற்கும். பச்சையாகத் தொட்டால் கை அரிக்கும். 'சீசஸ் குவாட்ராங்குலாரிஸ்' என்ற அதன் அறிவியல் பெயர், நான்கு பட்டைகள் கொண்ட தண்டைக் குறிக்கிறது. அத்தண்டுதான் அதன் தண்ணீர்த் தொட்டி. கோடையில் இலைகளை உதிர்த்துவிடும். தண்டிலுள்ள நுண்துளைகளைப் பகலில் மூடி, இரவில் திறந்து கரியமிலவாயுவைச் சேமிக்கும். இதனால் நீர் வீணாவதில்லை.

ஆறுமணிக்குருவியோ வண்ணக் களஞ்சியம். பச்சை முதுகு, நீலத் திட்டுள்ள சிறகு, கறுப்புக் கண்பட்டை, வெண்மையான தொண்டை, வாலடியில் செந்நிறம்! இந்தியில் இதை 'நவரங்', அதாவது ஒன்பது வண்ணம் என்பர். அறிவியல் பெயர் 'பிட்டா பிராக்கியூரா'. 'பிட்டா' தெலுங்குச் சொல். பின்பாதி குட்டை வாலைக் குறிக்கும். காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூவுவதால் தமிழில் இப்பெயர் வந்தது. குளிர்காலத்தில் இங்கு வந்து, புதர் நிழலில் சருகுகளைக் கிளறிப் பூச்சிகளைத் தின்னும். கோடை முற்றுமுன் வடக்கே சென்று, மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் மழைக்காலத்தில் கூடு கட்டும்.

ஆக, ஒன்று இருந்த இடத்திலேயே சேமித்துப் பிழைக்கிறது. மற்றொன்று பறந்து பிழைக்கிறது. இரண்டுக்கும் வேண்டியது புதர்தான்.

சென்ற ஐப்பசியில், களைத்துப்போன இக்குருவி ஒன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒடுங்கியிருந்தது. பாட்டி கூடையால் மூடி வைத்தார். மாலையில் கூடையை எடுத்ததும் தத்தித் தத்திச் சென்று, பக்கத்துக் காலிமனையின் பிரண்டை வேலிக்குள் புகுந்தது. இவ்வாண்டு அங்கே வீடு எழும்புகிறது, வேலி இல்லை. பாட்டி எடுத்து வந்த ஒரு பிரண்டைக் கணு எங்கள் தொட்டியில் துளிர்த்துவிட்டது. குருவியின் குரல்தான் இன்னும் கேட்கவில்லை. கணுவை நட்டுக் கொடியை மீட்கலாம்; குருவியை அப்படி மீட்க முடியுமா?

1937-இல் தாம்பரத்துக்கு வந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வளாகத்திலும், நன்மங்கலத்திலும், கிண்டியிலும் இன்னும் புதர்க்காடு இருக்கிறது. நாமும் நம் வீட்டுப் பின்புறத்தில் ஒரு மூலையையாவது சருகும் புதருமாக விட்டுவைப்போம். அடுத்த ஐப்பசியில் ஆறு மணிக்குக் காது கொடுப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி