மாற்றுச் சாவி

1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், குர்கான் தொழிற்சாலையில் உருவான முதல் மாருதி 800 மகிழுந்தின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி, தில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங் என்பவரிடம் வழங்கினார். குலுக்கல் முறையில் தேர்வான அவர் அந்த வண்டியைத் தம் வாழ்நாள் முழுவதும் வைத்திருந்தார். 2014ஆம் ஆண்டு சனவரியில் மாருதி 800 உற்பத்தி நின்றுவிட்டது. எனினும் அவ்வண்டிகள் பல ஊர்களில் இன்றும் ஓடுகின்றன. பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களில், வண்டியும் உடன் பயணம் செய்கிறது. அதன் இரண்டாம் சாவி மட்டும் ஏதோ ஒரு வீடு மாற்றத்தின்போது காணாமற் போய்விடுகிறது. எஞ்சிய ஒரே சாவியும் சந்தைக் கூட்டத்தில் தொலைந்துவிட்டால் என்ன செய்வது?

சாவி தொலையலாம், ஆனால் அதன் வடிவம் தொலைவதில்லை. அது பூட்டுக்குள்ளேயே இருக்கிறது. பழைய மகிழுந்தின் பூட்டினுள் உருளை ஒன்று உண்டு. அவ்வுருளையில் மெல்லிய தகடுகள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டையும் ஒரு சிறிய சுருள்வில் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். வெளியே நீண்ட தகடுகள் உருளையைச் சுழலவிடாமல் தடுக்கின்றன. உரிய சாவி உள்ளே நுழையும்போது, அதன் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் சரியான அளவுக்கு இழுத்து, உருளையின் விளிம்போடு சமமாக நிறுத்துகின்றன. ஒரு தகடு மயிரிழை அளவு தவறினாலும் பூட்டுத் திறவாது.

இந்தியில் ‘சாபிவாலா’ என்று அழைக்கப்படும் சாவி செய்பவர், இந்த அமைப்பைப் பயன்படுத்தியே புதிய சாவியை உருவாக்குகிறார். (தமிழின் ‘சாவி’, இந்தியின் ‘சாபி’ ஆகிய இரண்டும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தவை. ‘திறவுகோல்’ என்பதே பழந்தமிழ்ச் சொல். மலையாளத்தில் இன்றும் ‘தாக்கோல்’ என்பர்.) சாலையோரத்தில் ஒரு சிறு பெட்டி, வளையத்தில் கோத்த நூற்றுக்கணக்கான வெட்டப்படாத சாவிகள், சில அரங்கள், ஒரு பிடிகருவி, அவருடைய தொழிற்கூடம் அவ்வளவே. ஓடைகள் பொருந்தும் வெட்டப்படாத பித்தளைச் சாவி ஒன்றைத் தேர்ந்து, கதவுப் பூட்டில் செருகி, இருபுறமும் மெல்லத் திருகி அசைப்பார். பிறகு வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். தடுத்து நிற்கும் தகடுகள் பித்தளையின் மேல் நுண்ணிய தடங்களைப் பதித்திருக்கும். தடம் விழுந்த இடத்தில் மட்டும் அரத்தால் இரண்டு மூன்று முறை தேய்ப்பார். மீண்டும் செருகுவார்; மீண்டும் பார்ப்பார். ஓரிடத்தில் தடம் விழாமற் போனால், அவ்விடத்து ஆழம் சரியாகிவிட்டது என்பது பொருள். எல்லாத் தடங்களும் மறையும்போது உருளை சுழலும். ஆழம் சற்று மிகுந்துவிட்டால் திருத்த வழியில்லை; அந்தச் சாவியை எறிந்துவிட்டு வேறொன்றைத் தொடங்க வேண்டும். பித்தளை மென்மையானது என்பதால், பொறுமையின்றித் திருகினால் பாதிச் சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்து நின்றுவிடும்.

பழைய வண்டியில் மற்றொரு சிக்கலும் உண்டு. இருபது ஆண்டுகள் ஒன்றோடொன்று உரசியதால், சாவியைப் போலவே தகடுகளும் தேய்ந்திருக்கும். தேய்ந்த சாவியைப் பார்த்து நகல் எடுத்தால் அந்தத் தேய்மானமும் நகலாகிவிடும். நகலுக்கு நகல் எடுக்க எடுக்கப் பிழை பெருகும். ஆகவே, சாவியே இல்லாத நிலையில் பூட்டைப் பார்த்துச் செய்த சாவி, சில வேளைகளில் பழைய சாவியைக் காட்டிலும் எளிதாகத் திரும்பும். பிற்கால மகிழுந்துகளுக்கு இந்த முறை போதாது. அவற்றின் சாவித் தலையில் ஒரு மின்னணுச் சில்லு இருக்கும். வண்டி அதனை அடையாளம் காணாவிட்டால், கதவு திறந்தாலும் இயந்திரம் இயங்காது.

இத்தனை எளிதாகச் சாவி செய்ய முடியும் என்பதுதான் இதில் அஞ்சத்தக்க செய்தியும் ஆகும். வண்டி தம்முடையதே என்று சொல்பவர் உண்மையில் உரியவர்தாமா? பொறுப்புள்ள சாவி செய்பவர் பதிவுச் சான்றிதழைக் கேட்பார். அதுவோ பூட்டிய வண்டிக்குள் கிடக்கும்! அந்நேரத்தில் டிஜிலாக்கர் செயலியில் உள்ள சான்றிதழ் உதவும். சாவி தொலைந்ததைக் காவல் துறையிடம் பதிவு செய்வதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிப்பதும் வீண் வேலையல்ல. பின்னாளில் வண்டி திருடுபோய் இழப்பீடு கோரினால், காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாக இரண்டு சாவிகளையும் கேட்கின்றன.

தொலைந்த சாவியோடு முகவரிச் சீட்டோ வண்டி எண்ணோ இணைந்திருந்தால், புதிய சாவி மட்டும் போதாது. பூட்டுகளையே மாற்ற வேண்டும். உற்பத்தி நின்ற வண்டிகளின் பூட்டுத் தொகுப்பைத் தில்லி காஷ்மீர் கேட், சென்னை புதுப்பேட்டை போன்ற உதிரிபாகச் சந்தைகளில் தேடலாம். செலவைக் குறைக்க இயக்குபூட்டை மட்டும் மாற்றுவோரும் உளர். அவர்கள் அதன்பின் கதவுக்கு ஒன்றும் இயக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு சாவிகளைச் சுமக்க நேரிடும். கையில் இருப்பது எது என்று இருட்டில் தடவிப் பார்க்கவும் நேரிடும்.

புதிய சாவி திரும்பியவுடன், சாவி செய்பவர் புறப்படும் முன்பே, அதற்கு ஒரு நகல் எடுத்துக்கொள்வது நல்லது. அன்றாடப் பயன்பாட்டுக்கு நகலை வைத்துக்கொண்டு, தேயாத முதற்சாவியை அடுத்த நகலுக்கு மாதிரியாக வீட்டில் பாதுகாக்கலாம்.