உஷார்! “போன வாரம் குளிச்சு எடுத்த முத்து” என்று யாராவது நீட்டினால்…

“அக்கா, ஒரிஜினல் தூத்துக்குடி முத்துக்கா! எங்க அண்ணன் போன வாரம் குளிச்சு எடுத்தது.”

திருச்செந்தூர் கடற்கரையில் என் காதுபடச் சொன்னார் ஒருவர். வெளியூரிலிருந்து வந்திருந்த அந்த அம்மா பேரம் பேசி ஒரு சரத்தை வாங்கிக் கழுத்தில் போட்டும் பார்த்துவிட்டார். நான் வாயெடுப்பதற்குள் பணம் கைமாறிவிட்டது. அன்று அவரிடம் சொல்லத் தவறியதை இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன்.

தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961 இல். 1955 இல் தொடங்கிய கடைசிச் சுற்று அந்த ஆண்டோடு நின்றது, நின்றதுதான். போன வாரம் யாருடைய அண்ணனும் இங்கே முத்துக்குளிக்கவில்லை. கரையில் உங்களிடம் நீட்டப்படுவது பிளாஸ்டிக் மணியாக இருக்கும், கண்ணாடி மணியாக இருக்கும், போனால் போகிறது என்றால் எங்கோ குளத்தில் வளர்த்த நன்னீர் முத்தாக இருக்கும். முன்பல்லின் விளிம்பில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். முத்து நறநறக்கும், போலி வழுக்கிக்கொண்டு போகும். கோத்த துளையின் ஓரத்தில் பூச்சு உரிந்திருந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு நகருங்கள். இயற்கை முத்தா வளர்ப்பு முத்தா என்பதைப் பல்லால் சொல்ல முடியாது, அதற்கு எக்ஸ்ரே வேண்டும். பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

அதே கடையில் இன்னொரு தட்டும் இருக்கும், அது இதைவிட ஆபத்து. பவளப்பாறைத் துண்டு, விசிறி போல விரிந்த கடல்விசிறி, காய்ந்த கடல்குதிரை. இவையெல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே இடம். விற்றவர் மட்டுமல்ல, பையில் வைத்திருப்பவரும் மாட்டுவார். நிரூபணமானால் தண்டனை மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டான் என்ற பதில் ரயில்வே ஸ்டேஷன் சோதனையில் எடுபடாது. பவளத்தை வெட்டி அள்ளியதன் விலையை இந்தக் கடல் ஏற்கெனவே கொடுத்துவிட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று தண்ணீருக்குள். தூத்துக்குடிக்கு நேர் எதிரே இருக்கும் வான் தீவு தேய்ந்து தேய்ந்து, செயற்கைப் பாறைகளை இறக்கி முட்டுக்கொடுத்துத்தான் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

வாங்குகிறவர்களுக்கான எச்சரிக்கை இவ்வளவுதான். இனி நம் ஊர்க்காரர்களிடம் பேச வேண்டும்.

அந்த வியாபாரியின் பொய் ஏன் அவ்வளவு சுலபமாக எடுபட்டது? உண்மைக் கதையைச் சொல்ல அந்தக் கரையில் யாரும் நிற்கவில்லை. சங்ககாலக் கொற்கையும், மார்க்கோ போலோ வந்துபோன காயலும், போர்த்துக்கீசியர் ‘முத்துக்குளித்துறை’ என்றே பெயர் வைத்து அழைத்த கடற்கரையும் இதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஆனால் பத்துப் பன்னிரண்டு பாக ஆழத்துக்கு காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கிய மனிதனின் கதையைக் கேட்க வருகிறவனுக்கு யாரைக் காட்டுவீர்கள்?

1961 இல் பதினெட்டு வயதில் குதித்தவருக்கு இன்று எண்பது தாண்டிவிட்டது. என்னைப் பதறவைக்கும் கணக்கு இதுதான். அவரோடு ஒரு படிப்பே போய்விடும். கடலடியில் சிப்பி விளையும் திட்டுகளுக்குப் ‘பார்’ என்று பெயர். தொள்ளாயிரம் பார் என்பது போல ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் நேர்கோட்டில் வைத்து, திசைகாட்டும் கருவி எதுவுமில்லாமல் அந்தப் பாரின் மேல் போய் நின்றவர்கள் அந்தத் தலைமுறைக் குளியாட்கள். கச்சான் காற்று எப்போது திரும்பும், நீவாடு எந்தப் பக்கம் இழுக்கும், தண்ணீர் கலங்கினால் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் உடம்பில் இருந்த படிப்பு. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுகிற ‘கடல்கட்டி’ கரையில் வந்து நிற்காவிட்டால் ஒரு காலத்தில் குளியாட்கள் கடலில் இறங்கவே மறுத்திருக்கிறார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் அவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. குளியாளின் இடுப்புக் கயிறு மச்சான் கையில்தான் இருக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் தொங்கும்போது அவன் கண் அயருவானா?

இந்தக் கதை ஒரு சாதிக்கோ ஒரு மதத்துக்கோ சொந்தமில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பரதவர்களோடு கீழக்கரை, காயல்பட்டினம் முஸ்லிம்கள் குளியாட்களாகவும் வியாபாரிகளாகவும் இதே படகுகளில் இருந்தார்கள். இன்றும் திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். காலில் கட்டும் கல் போய், கம்ப்ரஸர் குழாய் வந்துவிட்டது. அவ்வளவு ஆழத்தில் அந்தக் குழாயை நம்பி மூச்சுவிடுகிறவன் உயிரோடு இருக்கும் அருங்காட்சியகம். அவனிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் பீச்சில் செல்ஃபி எடுத்துத் திரும்புகிறது கூட்டம்.

அந்தக் கூட்டமும் இனி இப்போதுபோல் இருக்காது. 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கும் தூத்துக்குடித் துறைமுகத்தின் வெளித்துறைமுகத்துக்கும் ஒரே மேடையில் அடிக்கல் நாட்டினார்கள். 2025 ஜூலையில் விமான நிலையத்தின் புது முனையம் திறந்தாயிற்று. ராக்கெட் கிளம்பும் நாளில் பக்கத்து மணப்பாட்டு மணல்மேட்டில் எத்தனை ஆயிரம் பேர் ஏறுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சவேரியார் தங்கிய குகையும், 1581 இல் எழுந்த திருச்சிலுவை ஆலயமும், கொழும்பு வியாபாரத்தில் கட்டிய பெரிய வீடுகளும் அந்தச் சின்ன ஊரில்தான் இருக்கின்றன. தங்குமிடமும் வழிகாட்டியும் படகும் வெளியார் கையில் போய்விட்டால் ஊர்க்காரனுக்கு மிஞ்சுவது வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழிக்கிற வேலைதான்.

வீட்டுக் கதவைத் தட்டி வருகிற இன்னொரு ஆளிடமும் உஷாராக இருங்கள். “பழைய பொருள் இருந்தா கொடுங்கம்மா, நல்ல விலை தர்றேன்” என்பார். செட்டிநாட்டில் இப்படித்தான் தொடங்கியது. அங்கே வீடுவீடாகப் பெயர்த்த தூணும் கதவும் ஜாடியும் இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. நம் வீட்டுப் பரணில் தோணிக் கணக்கு நோட்டு இருக்கலாம், முத்து சலிக்கும் துளைத்தட்டு இருக்கலாம், பூட்டனுக்குப் பூட்டன் காலத்துப் பத்திரம் இருக்கலாம். 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருளும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியும் தொல்பொருள். நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தனி ஆட்களுக்கு அனுமதியே கிடையாது. கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் உண்டு. இந்தக் கரை மக்கள் பணம் திரட்டிக் கொடுத்து வளர்த்தது தமிழின் முதல் அச்சுமுயற்சி. அண்ட்ரிக் அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ 1586 இல் அச்சானது. அந்த மூலப் பிரதியைக் கண்ணால் பார்க்க இன்று நாம் ஐரோப்பாவுக்குத்தான் போக வேண்டும்.

ஊர்க்காரர்கள் கையில் இருப்பதற்கும் ஆளில்லாமல் விடுவதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு வெளியூர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் லெசோத்தோ என்று ஒரு சின்ன மலைநாடு. பசோத்தோ மக்கள் வாழும் நாடு. அங்கே கோமே என்ற இடத்தில் பாறைக்குடைவின் கீழே மண் குழைத்துக் கட்டிய குகைவீடுகள் இருக்கின்றன. கட்டியவர்களின் வாரிசுகளே இன்றும் அதில் குடியிருக்கிறார்கள். பார்க்க வருகிறவர் அந்த வீட்டுக்காரர்களின் முற்றத்தில், அவர்கள் முன்னால்தான் நிற்க வேண்டும். அதே மலைப்பகுதியில் ஆளில்லாமல் விடப்பட்ட பழைய பாறை ஓவியங்களுக்கு நேர்ந்தது வேறு கதை. போட்டோவில் நிறம் எடுப்பாக விழட்டும் என்று வந்தவர்கள் தண்ணீரை வாரி அடித்தே அழித்திருக்கிறார்கள்.

நமக்கு ஆளில்லாமல் இல்லை. 1806 இல் முதன்முதலில் ஓடிய தூத்துக்குடி பனிமய மாதாவின் பொன் தேர் 2023 ஆகஸ்ட் 5 அன்றும் ஓடியதே, இந்த ஊர் மக்கள் பேணிக் காத்ததால்தானே ஓடியது? பாம்பனில் மீனவர்களே ‘கடல் ஓசை’ என்று 90.4 இல் ஒரு வானொலியை 2016 முதல் நடத்துகிறார்கள். கடலோரப் பேச்சு மொழியிலேயே கடலைப் பற்றிப் பேசுகிறது அது. தூத்துக்குடியில், புன்னைக்காயலில், வேம்பாரில் அப்படி ஒன்று ஏன் கூடாது? ஊர்க் கமிட்டியும் பங்கும் ஜமாஅத்தும் சேர்ந்து ஒரு அறை ஒதுக்கினால் பழம்பொருளுக்கும் இடம் கிடைக்கும். பரணில் கிடப்பதை விற்காமல் அங்கே கொண்டுவந்து வைக்கலாம். பெயர் எழுதி வைத்தால் அது உங்கள் குடும்பத்துப் பொருளாகவே இருக்கும். வழிகாட்டப் பயிற்சி தருவதென்றால் முதல் ஆளாகச் சங்குகுளிக்காரர் வீட்டுப் பிள்ளையைச் சேருங்கள்.

அறை பிறகு வரட்டும், கமிட்டி பிறகு கூடட்டும். ஆகஸ்ட் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் ஒத்திப்போடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே போனை எடுத்துக்கொண்டு அந்த எண்பது வயதுக்காரர் பக்கத்தில் போய் உட்காருங்கள். ரெக்கார்டரைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். பாட்டா, எந்தப் பாரில் குளிச்சீங்க? மேலே கயிறு பிடிச்சது யாரு?