கோபுரம் கூரியரில் போகிற கதை

மயிலாப்பூர் தெப்பக்குளத்தின் மேற்குக் கரையில், சாயங்காலம் நாலு மணிக்கு மடக்கு ஸ்டூல் போட்டு யாராவது வரைந்துகொண்டிருந்தால், பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் மடியில் இருக்கிற சின்ன நோட்டுக்குள் ஒரு முழுக் கடையே இருக்கிறது! அதில் இருக்கிற கபாலீஸ்வரர் கோயில் கோபுரம் சீக்கிரமே அஞ்சலட்டையாகும், அப்புறம் ஃப்ரேமுக்குள் ஏறும், மார்கழி வந்தால் விமானமும் ஏறும். அப்படி ஸ்டூல் போடுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. வாங்க, இன்றைக்கு உங்களைக் கடையின் பின்வாசல் வழியாகக் கூட்டிப் போகிறேன்.

முதல் ரகசியம், ஏன் நாலு மணி? குளம் கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. இந்தக் கரையிலிருந்து பார்த்தால் சின்ன மேற்குக் கோபுரம் முன்னால், சுமார் 37 மீட்டர் உயரக் கிழக்கு ராஜகோபுரம் பின்னால். காலையில் வந்தால் சூரியன் பின்பக்கம் நின்றுகொண்டு இரண்டையும் கறுப்பாக்கிவிடும். சாயங்காலமோ வெயில் நேரே முகத்தில் விழும். பச்சை, நீலம், ரோஜா எல்லாம் சேர்ந்து என்னை வரை, என்னை வரை என்று சண்டை போடும்! காலையில்தான் நேரம் கிடைக்கும் என்றால் கிழக்கு மாட வீதிக்கு ஓட வேண்டியதுதான்.

"அத்தனை பொம்மையையும் வரைவீங்களா?" இது எல்லோரும் கேட்கிற கேள்வி. ஐயோ, இல்லவே இல்லை! கீழ் நிலையில் நாலைந்து உருவங்களை ஒழுங்காகப் போட்டுவிட்டால் போதும். மேலே போகப் போக வெறும் கிறுக்கல். மிச்சத்தைப் பார்க்கிறவர் கண்ணே வரைந்துகொள்ளும். மிச்சம் பிடித்த நேரமெல்லாம் மின்கம்பிக்கும், பூக்கடைக் குடைக்கும், ஓரமாக நிற்கிற ஆட்டோவுக்கும் போகும். புதிதாக வருகிறவர்கள் அழகைக் கெடுக்கிறதே என்று கம்பியை விட்டுவிடுவார்கள். விடவே கூடாது. கம்பி இல்லாவிட்டால் அது ஏதோ ஒரு காலண்டர் கோயில், இருந்தால்தான் மயிலாப்பூர். படம் வாங்குகிறவர் முதலில் விரல் வைக்கிற இடம் கோபுரமாக இருப்பதே அபூர்வம். "இதோ, இந்தக் கடைலதான் எங்க பாட்டி குங்குமம் வாங்குவா" என்பார். காசு கொடுப்பது அந்தக் கடைக்குத்தான்!

பைக்குள் என்ன இருக்கிறது? பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீரில் கரையாத பிக்மென்ட் மை நிரப்பிய பேனா, கைக்கு அடக்கமான வாட்டர்கலர் டப்பா, 300 ஜிஎஸ்எம் காகிதம். சாதாரணப் பேனா மையின் மேல் ஈரத் தூரிகை பட்டால் ராஜகோபுரம் கண்ணெதிரே கரைந்து குளத்தில் இறங்கிவிடும். மே மாதத்தில் வண்ணம் பரவுவதற்குள் காய்ந்துவிடும், ஐப்பசி மழையில் காயவே காயாது. இதற்கு நடுவில் தோளுக்குப் பின்னால் ஒரு கூட்டம். "அக்கா, என்னையும் போடுங்கக்கா" என்று பள்ளிக்கூடப் பை மாட்டிய வாண்டு. "வண்டி நம்பர் தெளிவா வரணும்கா!" என்று ஆட்டோ அண்ணன். படம் முடிந்ததும் அதை முதலில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பவரும் அவர்தான். இதைவிடப் பெரிய விளம்பரம் உண்டா?

வரைந்ததை ஊரோடு பகிர்ந்துகொள்வது இந்தக் கலையின் விதியிலேயே இருக்கிறது. சியாட்டில் பத்திரிகைக்காரர் கேப்ரியல் கம்பனாரியோ 2007-ல் இணையத்தில் தொடங்கிய குழுவிலிருந்து வளர்ந்ததுதான் 'அர்பன் ஸ்கெச்சர்ஸ்' இயக்கம். நேரில் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து வரைய வேண்டும், வரைந்ததை இணையத்தில் பகிர வேண்டும் என்பவை அவர்கள் கொள்கைகளில் அடக்கம். "எல்லாத்தையும் இன்ஸ்டாகிராம்ல போட்டுட்டா அப்புறம் யார் வாங்குவா?" என்று அம்மாக்கள் கவலைப்படுவார்கள். கவலையே வேண்டாம்! 1080 பிக்சல் அகலத்தில் ஏற்றிய படத்தை ஒழுங்கான அச்சுத் தரத்தில் எடுத்தால் 9 சென்டிமீட்டர்தான் வரும். சுவரில் மாட்ட அது காணாது. அதிகம் லைக் வாங்குவது எது தெரியுமா? நிஜக் கோபுரத்துக்கு நேராக நோட்டைத் தூக்கிப் பிடித்து எடுக்கிற போட்டோ. ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் போன், படபடக்கிற பக்கத்தைப் பிடிக்க மூன்றாவது கை கிடைக்குமா என்று தேடுகிற நேரத்தில் பக்கத்துக் கரையிலிருந்து ஒரு தாத்தா வந்து பிடித்துக்கொள்வார்!

வீட்டுக்கு வந்தால் அடுத்த ஆட்டம் ஆரம்பம். ஏ5 பக்கத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்துவிட்டால் ஏ3 அளவுக்குத் தாராளமாக அச்சிடலாம். ஆனால் ஸ்கேனருக்கு வெளிர் மஞ்சள் என்றால் பசி, அப்படியே விழுங்கிவிடும். அச்சு இயந்திரத்துக்கோ பளிச் ரோஜா ஆகாது. திரையில் சிரித்த கோபுரம் காகிதத்தில் சோகமாக நிற்கும். அதனால் சோதனைத் தாள் எடுத்து அசலோடு வெயிலில் வைத்துப் பார்க்காமல் யாரும் அச்சுக்குக் கொடுப்பதில்லை. அளவோடு போடும் பிரதிகளில் இடது கீழ் மூலையில் பென்சிலால் எண், வலது மூலையில் கையெழுத்து. அப்புறம் அட்டை, பிளாஸ்டிக் உறை, டேப், கூரியர் ரசீது. வரைவதைவிட இந்தப் பொட்டலம் கட்டுவதில்தான் முதுகு வலிக்கிறது!

இந்த வியாபாரம் இன்று நேற்று வந்ததில்லை. விழித்திரை நோயால் பார்வை சுருங்கிக்கொண்டே போனபோதும் மதுரையையும் சென்னையையும் பேனா மையில் இழை இழையாக வரைந்தவர் மனோகர் தேவதாஸ். அந்தப் படங்கள் வாழ்த்து அட்டைகளாயின. மனைவி மஹிமா அவற்றுக்கு எழுதினார். விற்ற பணம் அறப்பணிகளுக்குப் போனது. மனோகர் 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பெற்றார், 2022-ல் மறைந்தார். ஊர்ப்படம் வரைகிற எங்கள் எல்லோருக்கும் அவர்தான் பிள்ளையார் சுழி.

வருமானம் எப்போது? சிவகாசியில் ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்கள் வந்துவிடும். எங்கள் மேசைக் காலண்டருக்கும் வெயில் காலத்திலேயே பன்னிரண்டு மூலைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மார்கழியில் சபாக்களுக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து இறங்கும்போதுதான் அசல் ஓவியங்கள் நகரும். மற்ற மாதங்களில் சோறு போடுவது அஞ்சலட்டையும் புக்மார்க்கும். மெட்ரோ வேலைக்குத் தகரம் அடிக்கும் முன் வரைந்த லஸ் முனைக்கு இப்போது தனி மவுசு!

வீட்டுப் படம் கேட்டு வருகிறவர்கள் தனி ரகம். "அடுத்த மாசம் இடிக்கறாங்க, ஃப்ளாட் வருது, அதுக்குள்ள வரைஞ்சு தர முடியுமா?" என்பார்கள். திண்ணை, தூண், மெட்ராஸ் டெர்ரஸ் கூரை, வாசலில் பாதி அழிந்த கோலம். அங்கே உட்கார்ந்தால் காபி தானாக வரும், கூடவே மூன்று தலைமுறைக் கதையும் வரும். இதிலே ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. தானாக வரைந்த படத்தின் அசலை விற்றாலும் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்னதென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது வரையச் சொன்னவருக்கே போகும். அஞ்சலட்டை போடும் எண்ணம் இருந்தால் முதலிலேயே ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தா வீட்டை இடிக்கத் தேதி குறித்துவிட்டீர்களா? புல்டோசர்காரருக்குச் சொல்வதற்கு முன்னால் உங்கள் ஊர் ஓவியர் ஒருவருக்குச் சொல்லுங்கள். பழைய போட்டோவைப் பார்த்தும் வரையலாம்தான், ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து வரைவதுபோல் வராது.